ஊசி முனையும் தோமாவின் விரலும்

‘கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது நம் முன்னோர் வாக்கு. நம்மீது பழி வரும்போது இப்பழமொழியை நாம் உடனே எடுத்து வைக்கிறோம். பிறர்மீது பழி சுமத்தும்போதோ இதனை வசதியாக மறந்துவிடுகிறோம். உண்மையில் இப்பழமொழி கண்ணை இழிவுபடுத்தவில்லை. கண் தருவது தீர்ப்பு அன்று, விசாரணையின் தொடக்கமே என்பதைத்தான் அது உணர்த்துகிறது. காண்பது என்றால் என்ன? கண்டோம் என்று சொல்ல நமக்கு எப்போது உரிமை உண்டு? காணாததை ஏற்பது அறிவுக்கு இழுக்கா? இக்கேள்விகளைத் திருமறையும் மெய்யியலும் நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளன. இயற்பியலின் ஆய்வுக்கூடம் ஒன்றிலும் இவை எழுந்தன. அங்கு கிடைத்த விடை நம் சிந்தனைக்கு உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா நகரில் எர்ன்ஸ்ட் மாஃக் என்னும் அறிஞர் வாழ்ந்தார். பொருள்கள் யாவும் அணுக்களால் ஆனவை என்று எவரேனும் அவரிடம் பேசினால், ‘நீர் ஓர் அணுவையேனும் பார்த்திருக்கிறீரா?’ என்ற பொருள்படக் கேட்பாராம். புலன்களுக்கு எட்டாத ஒன்றை இருப்பதாகச் சொல்வது அறிவியல் ஆகாது என்பது அவர் கொள்கை. அதே வியன்னாவில் லுட்விக் போல்ட்ஸ்மன் அணுக் கொள்கைக்காக வாழ்நாளெல்லாம் வாதாடினார். அவ்வழக்கு தீர்ந்ததைக் காணாமலேயே 1906இல் மறைந்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1908 முதல், பிரான்சு நாட்டு ழான் பெரென், நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாது தத்தளிப்பதை அளந்து, அத்துகள்களை மோதும் மூலக்கூறுகள் உண்டு என்பதை நிலைநாட்டினார். பெரென் அணுவைக் காணவில்லை. அணு செய்யும் வேலையைக் கண்டார். காற்று கண்ணுக்குத் தெரியாது; ஆனால் இலை அசைகிறது அன்றோ?

மாஃகின் கேள்விக்கு நேரான விடை 1955இல் வந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரும், அவரிடம் ஆய்வு செய்த கன்வர் பகதூர் என்னும் இந்தியரும், ஓர் உலோக ஊசி முனையில் இருந்த அணுக்களைத் தனித்தனி ஒளிப்புள்ளிகளாகத் திரையில் கண்டனர். எனினும் அவர்கள் முறையில் ஊசி முனையாக ஆக்கத்தக்க பொருளை மட்டுமே காண இயலும். எந்தக் கடத்தும் பொருளின் பரப்பையும் அணு அணுவாகத் தடவிப் பார்க்கும் கருவி 1981இல் பிறந்தது. சுவிட்சர்லாந்தில், சூரிக் நகருக்கு அருகிலுள்ள ரூஷ்லிகானில், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் தம் துணைவர்களுடன் அதனை உருவாக்கினர். ‘வருடும் ஊடுருவல் நுண்ணோக்கி’ என்று அதனை நாம் அழைக்கலாம். 1986ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசில் ஒரு பாதி அவ்விருவருக்கும், மறு பாதி எலக்ட்ரான் நுண்ணோக்கியைப் படைத்த எர்ன்ஸ்ட் ருஸ்காவுக்கும் வழங்கப்பட்டது.

தொடாமல் தொடுதல்

நம் கண் காணும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் வரும் ஒரு கூறே நானோமீட்டர். அணுவோ அதிலும் சில பத்தில் ஒரு பங்கு. மண்வெட்டியைக் கொண்டு மணலில் கோலம் இட முடியாததுபோல, இத்துணைப் பெரிய அலையைக் கொண்டு இத்துணைச் சிறிய பொருளை வரைய முடியாது. ஆகவே இப்புதிய கருவி ஒளியை நாடவில்லை. கண்ணின் வழியை விட்டு, விரலின் வழியை மேற்கொண்டது. பார்வையற்றோர் எழுத்துப் புள்ளிகளை விரலால் தடவிப் படிப்பதுபோல, கூரிய உலோக ஊசி ஒன்று பரப்பின்மேல் வரிவரியாகச் செல்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு: இவ்விரல் பரப்பைத் தொடுவதில்லை.

ஊசிக்கும் பரப்புக்கும் இடையே ஏறத்தாழ அரை முதல் ஒரு நானோமீட்டர் வரை வெற்றிடம் உண்டு. மின்னோட்டத்திற்கு அவ்விடைவெளி ஒரு மதில். பழைய இயற்பியலின்படி, மதிலைத் தாண்டும் ஆற்றல் இல்லாத எலக்ட்ரான் அப்பால் செல்ல முடியாது. ஆனால் குவாண்டம் கொள்கையின்படி எலக்ட்ரானை ஓர் அலையாகவே விவரிக்கிறோம். அலை மதிலின் விளிம்பில் வெட்டி நிறுத்தப்படுவதில்லை. மதிலுக்குள் புகுந்து, தேய்ந்து தேய்ந்து மெலிகிறது. மதில் போதிய அளவு மெல்லியதாயின், அலை முற்றும் மடிவதற்குள் மறுகரை வந்துவிடும். அங்கு எஞ்சியிருக்கும் அளவைப் பொறுத்து எலக்ட்ரான் அப்பக்கம் காணப்படுவதற்கு ஒரு நிகழ்தகவு உண்டு. இதனை விஞ்ஞானிகள் சுரங்க வழியில் செல்வதாக உருவகப்படுத்துவர். உண்மையில் எவரும் எதனையும் தோண்டுவதில்லை. சில அணுக்கருக்கள் தாமே சிதைவதை 1928இல் ஜார்ஜ் காமோவ் இக்கொள்கையால்தான் விளக்கினார்.

இவ்வலை தேயும் வேகமே கருவியின் உயிர்நாடி. இடைவெளி பத்தில் ஒரு நானோமீட்டர் கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அவ்வளவு குறைந்தால் பத்து மடங்காகப் பெருகுகிறது. ஆகவே ஊசி எவ்வளவு மொட்டையாக இருப்பினும், அதன் நுனியில் மற்றவற்றைவிடச் சற்றே நீண்டிருக்கும் ஒற்றை அணுவே பெரும்பகுதி மின்னோட்டத்தையும் தாங்குகிறது. மின்னோட்டமும் மிகச் சிறியதே. ஒரு நானோ ஆம்பியர் அளவு. ஆயினும் அதில் நொடிக்குச் சுமார் 600 கோடி எலக்ட்ரான்கள் கடக்கின்றன. மின்னழுத்தத்திற்கு ஏற்ப நுண்ணளவில் நீண்டு சுருங்கும் ஒருவகைப் பீங்கான் ஊசியை நகர்த்துகிறது. மின்னோட்டம் மாறாதிருக்குமாறு ஊசி ஏறியும் இறங்கியும் செல்ல, அந்த ஏற்ற இறக்கமே படமாகிறது. தெருவில் நடப்போரின் காலடி அதிர்வும் இதனைக் கெடுக்கும் என்பதால், முதற்கருவியை மீகடத்துநிலையிலுள்ள ஈயக் கிண்ணத்தின்மேல் காந்தங்களால் மிதக்கவிட்டனர்.

ஊசி பரப்பை முட்டினால் என்ன ஆகும்? ஊசியும் சிதையும்; பரப்பும் குழியும்; படமும் போய்விடும். விலகி நிற்பதனால்தான் அறிய முடிகிறது. மிக விலகினாலோ ஒன்றும் அறிய முடியாது. இதனை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

படத்திற்கு முன் ஒரு மாதிரி

இக்கருவி தந்த படங்கள் உலகெங்கும் பரவின. குன்றுகள் வரிசையாக நிற்பதுபோல அணுக்கள் தோன்றின. ‘இதோ, அணுவைப் பார்த்துவிட்டோம், மாஃகின் வாய் அடைபட்டது’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் அப்படங்களில் காணும் நிறம் கணிப்பொறி பூசியது. அதில் ஒளியும் இல்லை, நிழலும் இல்லை. ஊசி ஏறி இறங்கிய உயரங்களின் பட்டியலே அது. அப்பட்டியல் எதைக் குறிக்கிறது என்று சொல்ல ஒரு கோட்பாட்டு மாதிரி வேண்டும்.

இரு உலோகங்களையும் தனித்தனியே கணக்கிட்டு, அவற்றிடையே கசியும் மின்னோட்டத்தை அறியும் வழியை 1961இல் ஜான் பார்டீன் வகுத்திருந்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1983இல் டெர்சாஃபும் ஹாமனும் ஒரு மாதிரியை அமைத்தனர். ஊசி நுனியை ஒரு சிறு கோளமாகக் கொண்டால், அக்கோளத்தின் மையம் இருக்கும் இடத்தில், குறிப்பிட்ட ஆற்றல் நிலையை ஒட்டிய பரப்பின் எலக்ட்ரான்கள் எவ்வளவு அடர்ந்துள்ளனவோ அதனையே கருவி அளக்கிறது என்று அவர்கள் காட்டினர். அதாவது, நாம் காண்பது அணுவை அன்று. நாம் கேட்ட ஆற்றலில் விடையளிக்க முன்வரும் எலக்ட்ரான்களின் அடர்த்தியையே.

இவ்வேறுபாடு வெறும் சொல் விளையாட்டன்று. மூன்று சான்றுகள் காண்போம்.

பென்சிலில் உள்ள கிராஃபைட்டில் கரி அணுக்கள் அறுகோண வளையங்களாக அமைந்துள்ளன. அடுத்தடுத்த அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர். ஆனால் இக்கருவியின் படத்தில் பெரும்பாலும் 0.246 நானோமீட்டர் இடைவெளியில் முக்கோண அமைப்பே தெரிகிறது. வளையத்தின் ஆறு அணுக்களில் மூன்றே தோன்றுகின்றன. கீழ் அடுக்கில் நேர் கீழே ஓர் அணுவைப் பெற்றிருப்பவை ஒளிந்துகொள்ள, அவ்வாறு பெறாதவை துலங்குகின்றன. எஞ்சிய மூன்றும் அங்கே இல்லாமற்போகவில்லை.

கேலியம் ஆர்சனைடு என்னும் படிகத்தில் இரு தனிமங்களின் அணுக்கள் மாறி மாறி அமைந்துள்ளன. 1987இல் வெளியான ஆய்வு ஒன்றில், மின்னழுத்தத்தை ஒரு திசையில் அளித்தபோது ஆர்சனிக் அணுக்கள் மட்டும் தோன்றின. திசையை மாற்றியபோது அதே இடத்தில் கேலியம் அணுக்கள் மட்டும் தோன்றின. பரப்பு ஒன்றே, ஊசியும் ஒன்றே, கேட்ட திசை வேறு, கிடைத்த விடை வேறு. இரண்டு படங்களில் எதுவும் பொய்யன்று. எதுவும் முழு உண்மையும் அன்று.

மூன்றாவது, உலோகப் பரப்பின்மேல் வந்து அமரும் ஆக்ஸிஜன் அணு. அது பரப்புக்கு மேலே மேடாக நின்றாலும், பல வேளைகளில் படத்தில் பள்ளமாகவே தெரிகிறது. ஊசி கேட்கும் ஆற்றலில் அதனிடம் தருவதற்கு எலக்ட்ரான்கள் குறைவு. இருக்கும் ஒன்று இல்லாமையாகத் தோற்றமளிக்கிறது.

மாதிரிக்கும் திருத்தம் தேவைப்பட்டது. சில உலோகப் பரப்புகளில், டெர்சாஃப், ஹாமன் ஆகியோரின் கணக்கு அனுமதிப்பதைவிடக் கூடுதலான மேடுபள்ளங்களோடு அணுக்கள் தெளிவாகத் தெரிந்தன. 1990இல் ஜூலியன் சென் என்பவர், ஊசி நுனியைச் சாதாரணக் கோளமாகக் கருதியது போதாது, டங்ஸ்டன் நுனியில் பரப்பை நோக்கி நீண்டிருக்கும் எலக்ட்ரான் நிலையும் படத்தை ஆக்குகிறது என்று விளக்கினார். ஊசியின் நிலையையும் பரப்பின் நிலையையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றினாலும் படம் அதுவாகவே இருக்கும் என்பதும் அவர் எடுத்துக்காட்டிய கருத்து. ஊசி பரப்பைப் பார்க்கிறது என்பது எவ்வளவு உண்மையோ, பரப்பு ஊசியைப் பார்க்கிறது என்பதும் அவ்வளவு உண்மை. பார்ப்பவரின் வடிவம் காட்சியில் கலந்தே இருக்கிறது.

ஆகவே கருவி நம்மை ஏமாற்றுகிறது என்று முடிவு கட்டலாமா? கூடாது. சிலிக்கன் படிகத்தின் ஒரு முகத்தில் அணுக்கள் எவ்வாறு இடம் மாறி அமர்ந்துள்ளன என்பது 1959 முதல் தீராத புதிராக இருந்தது. பின்னிக், ரோரர் குழுவினர் 1983இல் வெளியிட்ட படத்தில், ஒவ்வொரு சாய்சதுரத்திலும் பன்னிரண்டு மேடுகளும் மூலைகளில் ஆழ்ந்த பள்ளங்களும் தெளிவாகத் தெரிந்தன. அதற்கு முன் எழுதப்பட்ட பல மாதிரிகள் அப்படத்தின் முன் நிற்க இயலாது வீழ்ந்தன. எனினும் மேற்பரப்பின் அப்பன்னிரண்டு அணுக்களுக்குக் கீழே என்ன உள்ளது என்பதை அப்படம் சொல்லவில்லை. 1985இல் ஜப்பானின் தகயனாகியும் துணைவரும் எலக்ட்ரான் சிதறல் என்னும் வேறொரு வழியில் ஆராய்ந்து முழு அமைப்பையும் முன்வைத்தனர், அது ஏற்கப்பட்டது. ஒரு சாட்சி தொடங்கியதை மற்றொரு சாட்சி நிறைவு செய்தது.

காண விரும்பியதைக் காணல்

இக்கருவியின் வரலாற்றில் நமக்கு மிகவும் பாடமாக அமைவது ஒரு தோல்வி. 1980களின் இறுதியில், உயிரின் மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. மூலக்கூற்றைக் கிராஃபைட்டின்மேல் இட்டுப் படம் எடுக்கப் பலரும் முயன்றனர். முறுக்கிய கயிறுபோன்ற வடிவங்கள் படங்களில் தோன்றின; புகழ்பெற்ற ஆய்விதழ்களில் அவை வெளியாயின. 1991இல் கிளெம்மர், பீபி என்னும் இருவர் எளிய சோதனை ஒன்றைச் செய்தனர். டி.என்.ஏ.வே இடப்படாத வெறும் கிராஃபைட்டை ஆராய்ந்தனர். அதிலும் அதே முறுக்கிய கயிறுகள் தோன்றின! கிராஃபைட்டின் அடுக்குகள் முடியும் விளிம்புகளே அவ்வாறு உருக்காட்டின.

இங்கு எவரும் பொய் சொல்லவில்லை. கருவியும் பழுதடையவில்லை. பல நூறு படங்களைப் பார்த்து, எதிர்பார்த்த வடிவத்தோடு பொருந்தும் ஒன்றைக் கண்டதும் உள்ளம் அதனைப் பற்றிக்கொண்டது; பொருந்தாதவற்றை ஒதுக்கியது. ‘நாம் தேடும் பொருள் இங்கு இல்லாவிட்டால் என்ன தெரியும்?’ என்னும் கேள்வி போதிய அளவு கேட்கப்படவில்லை. அக்கேள்வியைக் கேட்பது வெறும் ஆய்வு நுட்பம் அன்று. அது ஓர் அறம். தன் விருப்பத்திற்கு எதிராகத் தானே சாட்சி தேடும் துணிவு அதற்கு வேண்டும். பொய்ச்சான்று சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளை, பிறரை ஏமாற்றுவதை மட்டுமா தடுக்கிறது? தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு, அவ்வேமாற்றத்தை உண்மையென்று ஊருக்குச் சொல்வதையும் தடுக்கிறது என்றே நாம் கொள்ளவேண்டும்.

மூடிய கதவுகள்

விசுவாசிகளாகிய நமக்கும் இங்கு ஒரு சோதனை உண்டு. எலக்ட்ரான் மதிலை ஊடுருவுகிறது என்று கேட்டவுடன், ‘உயிர்த்த ஆண்டவர் மூடிய கதவுகளுக்குள் வந்ததும் இப்படித்தான், அறிவியலே அதனை மெய்ப்பித்துவிட்டது’ என்று சொல்லிக் கைதட்டல் பெறுவது எளிது. இவ்வாறான பேச்சுகளை நாம் கேட்டிருக்கிறோம். அவை நல்லெண்ணத்தில் பிறப்பவை. ஆயினும் ஏற்கத்தக்கவை அல்ல.

முதலாவதாக, அது தவறான இயற்பியல். ஊடுருவலின் நிகழ்தகவு, பொருளின் எடை கூடக்கூட நினைத்தற்கரிய வேகத்தில் குறைகிறது. மனித உடல் அளவான பொருள் ஒன்று கதவை அவ்வாறு கடப்பதைக் காண, அண்டத்தின் வயது முழுதும் காத்திருந்தாலும் போதாது. இரண்டாவதாக, அது அதைவிடத் தவறான இறையியல். உயிர்ப்பு என்பது இயற்கை விதியின் அரிய ஒரு நிகழ்ச்சி என்றாகிவிட்டால், அது இறைவனின் புதுப்படைப்பு ஆகாது. அணுக்கருவின் சிதைவுக்கு எவரும் ‘என் ஆண்டவரே’ என்று முழங்கால் படியிடுவதில்லை.

புனித தாமஸ் அக்குவினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இவ்வகை உற்சாகத்தைக் குறித்து எச்சரித்தார். விசுவாச உண்மைகளை நிலைநாட்டுவதாக எண்ணி வலுவற்ற காரணங்களை முன்வைப்பது, நம்பாதோரின் நகைப்புக்கு இடம் தரும். இதற்காகத்தான் நாம் விசுவசிக்கிறோம் என்று அவர்கள் எண்ணிவிடுவர் என்பது அவர் கருத்து. வியப்பு என்னவெனில், ‘இறையியல் தொகுப்பு’ நூலில் அவர் இதனைச் சொல்லும் அதே பகுதியிலேயே விண்மீன் கணிதரின் மாதிரிகளைப் பற்றியும் பேசுகிறார். ஒரு மாதிரி காட்சிகளுக்குப் பொருந்துகிறது என்பதனால் மட்டும் அது முடிவாக மெய்ப்பிக்கப்பட்டதாகாது. வேறொரு மாதிரியும் அக்காட்சிகளை விளக்கக்கூடும் என்கிறார். கிராஃபைட்டின் விளிம்பை டி.என்.ஏ. என்று கண்ட காலத்திற்கு எழுநூறு ஆண்டுகள் முன்னரே எழுதப்பட்ட அறிவுரை இது! ஆய்வுக்கூடத்தில் நேர்மையாக இருக்கச் சொல்லும் குரலும், மறையுரை மேடையில் நேர்மையாக இருக்கச் சொல்லும் குரலும் ஒன்றே.

தோமா கண்டதும் அறிக்கையிட்டதும்

ஆயின் மாஃகின் கேள்விக்கு நாம் என்ன விடை தருவது? சாந்தோமிலும் பரங்கிமலையிலும் திருத்தூதர் தோமாவின் பெயரால் செபிக்கும் நமக்கு அக்கேள்வி புதிதன்று. காயங்களைக் கண்டு, விரலை இட்டாலன்றி நம்பேன் என்றவர் அவர். அவரைச் சந்தேகத்தின் உருவாக மட்டுமே நாம் நினைவுகூர்வது நியாயமா?

யோவான் நற்செய்தியின் அப்பகுதியை நிதானமாகப் படிப்போர் இரண்டு செய்திகளைக் காண்பர். ஒன்று: ஐயுற்ற தோமா கூட்டத்தை விட்டு ஓடவில்லை. எட்டு நாள் கழித்தும் தம்மோடு மாறுபட்டவர்களின் நடுவிலேயே இருந்தார். அவர்களும் அவரை வெளியே தள்ளவில்லை. இரண்டு: ஆண்டவர் விரலை நீட்ட அழைத்தார் என்று எழுதும் நற்செய்தியாளர், தோமா நீட்டித் தொட்டார் என்று எழுதவில்லை. ஓவியர்கள் தொட்டதாக வரைந்தனர். நற்செய்தி அங்கு மௌனம் காக்கிறது. உடனே வருவது அவரது அறிக்கையே. அவர் கண்முன் நின்றவர் காயமுற்ற மனிதர். அவர் வாய் அறிக்கையிட்டதோ கடவுளை. கண் காட்டியதற்கு அப்பால் தோமாவின் விசுவாசம் சென்றது என்பதைப் பெரிய கிரகோரியார் தம் மறையுரையில் எடுத்துக்காட்டியுள்ளார்.

காணாமல் நம்புவோர் பேறுபெற்றோர் என்று ஆண்டவர் சொன்னது, ஆராயாமல் நம்புவோரைக் குறித்தன்று. காணாத அணுவைப் பெரென் ஏற்றது மூடநம்பிக்கை ஆகாது. பல வழிகளில் கிடைத்த சான்றுகள் ஒரே இடத்தில் வந்து கூடின. விசுவாசத்திற்கும் சாட்சிகள் உண்டு. உயிரைக் கொடுத்தவர்களின் சொல், தலைமுறை தலைமுறையாகப் பகிரப்பட்ட அப்பம், மனம் மாறியவரின் வாழ்வு ஆகியவையே அவை. ஆனால் இவ்விரண்டும் ஒரே வகையின என்று சொல்வதும் பிழையே. அணு நம்மிடம் எதையும் கேட்பதில்லை. ஏற்பினும் மறுப்பினும் அது அணுவே. விசுவாசத்தில் நாம் ஏற்பது ஓர் ஆளை. ஓர் ஆளை ஏற்போர் தம்மையும் அவரிடம் ஒப்படைக்கிறார். ஆகவே ஆய்வுக்கூடத்தின் சான்று விசுவாசத்தைப் படைக்காது, அழிக்கவும் செய்யாது. அது நமக்குக் கற்பிப்பது வேறொன்று: அடக்கத்தோடு காணும் முறை.

அடுத்திருப்பவரைக் காணல்

அம்முறை நமக்கு அன்றாடம் தேவைப்படும் இடம் விண்ணும் அன்று, அணுவும் அன்று. நம் வீடும் பங்கும் தெருவுமே. நாம் ஒவ்வொருவரும் அடுத்தவரை ஓர் ஊசி முனையால் தடவிக்கொண்டே இருக்கிறோம் அல்லவா? ‘அவரை எனக்குத் தெரியாதா?’ என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிடுகிறோம்!

பங்கு வரியைக் காலத்தில் கட்டாத ஒருவரை எண்ணிப் பார்ப்போம். கணக்கு எழுதுவோரின் பார்வையில் அவர் நிலுவை. அதே மனிதர் நோயுற்ற அண்டை வீட்டாருக்கு இரவு முழுதும் துணையிருந்தவராக இருக்கலாம். மின்னழுத்தத்தின் திசை மாறியதும் ஆர்சனிக் மறைந்து கேலியம் தோன்றியதே! நம் தேவை எத்திசையில் சாய்ந்துள்ளதோ அத்திசைக்கு உரியதை மட்டுமே அடுத்தவர் நமக்குக் காட்டுகிறார். மருமகளை மாமியார் காண்பதும், மாணவனை ஆசிரியர் காண்பதும், ஒரு சாதியார் மற்றொரு சாதியாரைக் காண்பதும் பெரும்பாலும் ஒரே திசையில் எடுத்த படங்களே. கண்டது பொய் என்பதன்று நம் குற்றம். கண்டதே முழுமை என்று தீர்ப்பெழுதியதே குற்றம்.

இன்னும் ஒன்று நம் நெஞ்சைத் தொடவேண்டும். நினைவு அழிந்து, பெற்ற மக்களையே அறியாது படுக்கையில் கிடக்கும் முதியோர் நம் குடும்பங்களில் உண்டு. பேசாத குழந்தைகள் உண்டு. நாம் கேட்கும் அளவில் அவர்கள் விடை தருவதில்லை. ‘அங்கே ஒன்றும் இல்லை, எல்லாம் போய்விட்டது’ என்கிறோம். மேடாக நிற்கும் ஆக்ஸிஜன் அணு பள்ளமாகத் தெரிந்ததை இங்கு நினைவுகூர்வது நலம். இல்லாமை என்பது அவர்களிடம் உள்ளதா, நாம் கேட்கும் முறையில் உள்ளதா? அணுவின் படம் இதற்குச் சான்று ஆகாது. மனித மாண்பை எக்கருவியும் அளக்காது. ஆனால் விடை வராத இடத்தில் ஆள் இல்லை என்று முடிவு கட்டும் அவசரத்தையேனும் அது கண்டிக்கிறது. அந்த மாண்பு இறைவனின் சாயலில் வேரூன்றியது என்று திருச்சபை கற்பிப்பதை நாம் எவ்வளவு ஆழமாக நம்புகிறோம் என்பது, அப்படுக்கையின் அருகே நாம் எவ்வளவு நேரம் அமர்கிறோம் என்பதில் தெரியும்.

விலகி நிற்பதன் அருமையும் இங்கே உண்டு. அன்பு என்ற பெயரால் அடுத்தவரின் உள்ளத்தை முட்டித் திறக்க முயல்வோர் உண்டு. மக்களின் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் பெற்றோரும், துயருற்றோரிடம் கேள்விமேல் கேள்வி தொடுக்கும் உறவினரும் அவ்வகையினரே. முட்டிய ஊசி இரண்டையும் கெடுக்கும். கண்டும் காணாமல் போகும் தொலைவும் அன்பன்று. இரண்டுக்கும் நடுவே மரியாதை என்னும் சிறு இடைவெளி உண்டு. அறிவு அங்குதான் கடந்து வருகிறது.

இவற்றோடு நம் ஊசியையும் நாம் அறியவேண்டும். நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் படத்தில் ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரியும். பரப்பில் பிழை தேடிப் பயனில்லை. தன் கண்ணில் உள்ள உத்திரத்தை முதலில் எடுக்கச் சொன்ன ஆண்டவர் ஒழுக்கத்தைப் பற்றி மட்டுமா பேசினார்? தெளிவாகக் காணும் வழியையும் அன்றோ காட்டினார்? உத்திரத்தை எடுத்தபின் துரும்பைப் பற்றிப் பேசலாகாது என்று அவர் சொல்லவில்லை. அதன்பின் நன்றாகத் தெரியும் என்றார். ஆன்ம சோதனை என்று நம் மரபு அழைப்பது, நாள்தோறும் ஊசி முனையைச் சரிபார்க்கும் பணியே எனலாம்.

ஆதலின் தீர்ப்புக் கூறுமுன் நாம் கேட்கத்தக்க கேள்விகள் சில உண்டு. நாம் எத்திசையிலிருந்து கேட்டோம்? திசையை மாற்றிக் கேட்டோமா? நாம் எதிர்பார்த்ததைத்தான் கண்டோமா? அது அங்கு இல்லாதிருந்தாலும் நமக்கு இவ்வாறே தோன்றியிருக்குமா? வேறொரு சாட்சியின் சொல்லைக் கேட்டோமா? இக்கேள்விகளைக் கேட்டால் நம் தீர்ப்புகள் குறையும். எஞ்சும் சில தீர்ப்புகள் நீதியாய் இருக்கும். தீமையைத் தீமை என்று சொல்லவேண்டிய நேரங்களும் உண்டு. தீர விசாரித்தவருக்கே அதனை அச்சமின்றிச் சொல்லும் உரிமை வாய்க்கும்.

இன்று நாம் அறிவது பகுதியே என்று கொரிந்தியருக்கு எழுதிய திருத்தூதர் பவுல், முழுமையாக அறியும் நாள் ஒன்று உண்டு என்றும் எழுதினார். அந்நாளைப் பற்றி அவர் சொன்னதில் நாம் கவனியாது கடந்து செல்லும் சொல் ஒன்று உண்டு. நாம் அறிவோம் என்பதோடு அவர் நிற்கவில்லை. நாம் ஏற்கெனவே அறியப்பட்டிருக்கிறோம் என்கிறார். எத்திசையிலும் சாயாத பார்வை ஒன்று நம்மை முழுதும் கண்டிருக்கிறது. கண்டும் நம்மைக் கைவிடவில்லை. அப்பார்வையின் முன் நிற்போர் அடுத்தவரைப் பார்க்கும்போது சற்றே தயங்குவர். அத்தயக்கம் நமக்கும் வாய்ப்பதாக.